அண்ணனும் சூடு காட்டும் முள்ளும்

ஏற்காடு மலைப்பாதையில் பாதிக்கு மேல் ஏறியதும் ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். என் கார் அங்கேதான் நிற்கும். நான் நிறுத்துவதில்லை, அதுவாக நிற்கும்.

முதலில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற சூடு காட்டும் முள் மெல்ல நகரும். நான் அதைப் பார்க்காதது போல ஓட்டுவேன். சிவப்புக் கோட்டைத் தொட்டதும் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பும். பனி இறங்கியிருக்கும் நாட்களில் எது பனி, எது ஆவி என்றே தெரியாது. வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டு, சாலையோரத் தடுப்புச் சுவரில் போய் உட்காருவேன்.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மேலே ஏறுகிற பஸ் ஒன்று என் பக்கத்தில் வேகம் குறைத்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"டீச்சர், இப்பவே ரேடியேட்டர் மூடியத் தொறந்துபோடாதீங்க. மூஞ்சி வெந்துரும்."

"தெரியுமுங்க. நீங்க போங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தனியாக ஒரு பெண், கையில் தண்ணீர் கேன், பக்கத்தில் புகைகிற கார். வேடிக்கைதானே. பஸ்ஸின் சத்தம் மேல் வளைவுகளில் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அடங்கியது. பிறகு சில்வர் ஓக் இலைகள் விழுகிற சத்தம்தான்.

என் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சுவரில் உட்கார்ந்து நான் அழுதேன். அழுவதற்கு அது வசதியான இடம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கார் நின்றுபோனதால் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தத் தொடரைச் சிரித்துக்கொண்டே படிக்கிறோம் என்று பலர் சொல்கிறார்கள். இந்த வாரம் அதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

அண்ணன் போட்ட நிபந்தனை

எங்கள் வீடு ஏற்காடு கடைவீதியான ஒண்டிக்கடையிலிருந்து மஞ்சக்குட்டை கிராமத்துக்குப் போகிற வழியில், காபித் தோட்டங்களுக்கு நடுவே தனியாக இருந்தது. நான் சயின்ஸ் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில். பஸ் எப்போதாவது வரும். ஜீப்பில் போகலாம், ஆனால் ஆள் சேர்ந்தால்தான் அது கிளம்பும். பலாப்பழ மூட்டைகளுக்கு இடையில் ஒரு காலை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் போயிருக்கிறேன். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. கார் இல்லாமல் ஒரு பெண் அங்கே தனியாக வாழ முடியாது.

இது எனக்குத் தெரியும். என் அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அண்ணன் சேலத்தில் இருந்தார். ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி காலமாகிவிட்டார். ஒரே மகளை பம்பாயில் கட்டிக்கொடுத்திருந்தார். என் கணவர் இறந்த பிறகு மாதம் தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவார். ஒரு பையில் மாம்பழம், ஒரு பையில் முறுக்கு, வாயில் ஒரே பேச்சு.

"சேலம் வந்துரு கண்ணு. இந்தக் காட்டுல என்ன இருக்குது?"

"எனக்கு வேலை இருக்குதுங்கண்ணா."

"வேலை சேலத்துலயும் இருக்குது."

இந்தப் பேச்சு எனக்கு எரிச்சலாக இருக்கும். என்னை ஏதோ கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டி மாதிரி அவர் தூக்கிவிடப் பார்க்கிறார் என்று தோன்றும். அவர் குணம் அப்படி. தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார், எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்றே பேசுவார்.

கார் கொதிக்க ஆரம்பித்த பிறகு அவர் கை ஓங்கிவிட்டது. ஒரு முறை அந்த வளைவில் என்னோடு அவரும் சிக்கிக்கொண்டார். சுவரில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு பேச்சுப் பேசிக்குவோம் கண்ணு. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள இந்த வண்டி அடிவாரத்துல இருந்து ஒண்டிக்கடை வரைக்கும் எங்கியும் நிக்காம ஏறட்டும். ஏறிருச்சுன்னா இனிமே நான் உன்னையக் கூப்புட மாட்டேன். ஏறலீன்னா நீ ஊட்டைப் பூட்டிப்போட்டு எறங்கி வந்துரோணும்."

"சரிங்கண்ணா," என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, கோபத்தில் சொன்னேன்.

அவர் வாங்கிய கார்

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்களுக்கு முன்பே கிழடாகிவிட்ட கார். ஊரைவிட்டுப் போன ஒரு தோட்ட முதலாளியிடமிருந்து என் கணவர் வாங்கினார். என் கணவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். தோட்டத்துக் கூலிக்காரர்களிடம் ஒரு சுடுசொல் பேசாத மனிதர், அந்தக் காரை மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டுவார். திட்டிவிட்டுத் துடைப்பார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் இந்தக் காரைக் கொஞ்சுகிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொள்ளட்டும், அதில் பாதி உண்மை.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான், பள்ளி மைதானத்தில். மாணவிகள் வராந்தாவில் வரிசையாக நின்று பார்த்தார்கள். நான் கிளட்ச்சை விட்டதும் கார் ஒரு துள்ளுத் துள்ளி கொடிக்கம்பத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றது. "பரவால்ல, கம்பத்த உட்டுவெச்சுட்டே," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்றும் வரவில்லை.

அவர் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. பள்ளியில் நாள் முழுக்கப் பேசுவேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வீட்டில் ஒரு பொருளும் தானாக நகர்வதில்லை. காரில் ஏறினால்தான் பேச்சு வரும். "ஏன் இப்படிப் பண்ற?" என்று கேட்பேன். அது இருமும். பதில் சொன்ன மாதிரி இருக்கும்.

அந்தக் காரை விற்றுவிட்டு சேலத்தில் அண்ணன் வீட்டு அறையில் போய் உட்கார வேண்டும் என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆளுக்கொரு வைத்தியம்

காருக்குக் காய்ச்சல் என்றால் மலையில் எல்லோரும் டாக்டர். பெட்ரோலில் கோளாறு என்றார் ஒருவர். கண் பட்டிருக்கிறது, எலுமிச்சம்பழம் கட்டுங்க என்றார் காய்கறிக்காரம்மா. எங்கள் போதகர் பானெட் மேல் கைவைத்து ஜெபம் பண்ணினார், சூடாக இருந்ததால் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

ஒண்டிக்கடைப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பெருமாள் நல்ல வேலைக்காரர். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று மாற்றினார். கார் அதே வளைவில் கொதித்தது. வாட்டர் பம்பைக் கழற்றிப் பார்த்தார், அது நன்றாக இருந்தது. இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொன்னேன். அதை யாரோ எப்போதோ கழற்றி எறிந்துவிட்டதாகச் சொன்னார்.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஹெட் கேஸ்கட் போயிருக்கோணுமுங்க. இன்ஜின் தலையவே கழட்டோணும். சாமான் கெடைக்கறதுக்கே மாசக்கணக்கு ஆகுமுங்க டீச்சர். பேசாம வித்துப்போடுங்க."

"கேஸ்கட் போனா தண்ணியில எண்ணெய் கலக்குமில்லீங்களா? ரேடியேட்டர்ல கொமிழி வருமில்லீங்களா? ரெண்டும் இல்லீங்களே."

"இல்லீங்க," என்று ஒத்துக்கொண்டார். "ஆனா வேற என்னன்னு சொல்றதுங்க?"

அவரைக் குறை சொல்ல முடியாது. சமதளத்தில் ஓட்டினால் ஒன்றும் ஆகாது, ஏற்றத்தில் மட்டும் கொதிக்கும். அவர் ஒர்க்‌ஷாப் வாசலில் அது சாதுவாக நிற்கும். வாத்தியார் வந்ததும் கையைக் கட்டிக்கொள்கிற பிள்ளைகள் மாதிரி.

விடுமுறை முடிகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அட்டைப்பெட்டிகளை எடுத்துவைத்து, என் கணவருடைய சட்டைகளை மடிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது சட்டையோடு நிறுத்திவிட்டேன்.

திருவிழா நாளில்

அந்த வாரம்தான் மலை உச்சியில் சேர்வராயன் கோயில் திருவிழா. பெருமாள் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு மேலே போய்விட்டார். மஞ்சக்குட்டைப் பக்கத்து ஜனமெல்லாம் காலையிலேயே கிளம்பிப் போனது. மேளச் சத்தம் காற்றுக்குத் தகுந்தபடி வந்து வந்து போயிற்று. எங்கள் சாலையில் அன்று நான் ஒருத்திதான் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

சும்மா இருக்க முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மேட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். முள் உயர்ந்தது. வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்தேன்.

வருடா வருடம் எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்துவேன். சூடான தண்ணீர் மேலே போகும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். அதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அன்று ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் மேல் பகுதியைத் தொட்டேன். துணியையும் மீறிச் சுட்டது. கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்தேன். பாதிக்குக் கீழே சூடு குறைந்தது. துணியை எடுத்துவிட்டு வெறும் உள்ளங்கையை வைத்தேன். அடிப்பகுதி கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

மேலே கொதிக்கிறது, கீழே குளிர்கிறது. அப்படியென்றால் தண்ணீர் மேலிருந்து கீழே சரியாக வரவில்லை. நடுவில் வழி அடைத்துக்கொண்டிருக்கிறது. சமதளத்தில் ஊர்ந்து வருகிற கொஞ்சம் தண்ணீர் போதும், ஏற்றத்தில் போதாது. இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை.

இதை மூன்று மாதமாக யோசிக்காத நான் என்ன டீச்சர் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கார் நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்து, அடியில் இருக்கிற வடிகால் திருகைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. ஒரு கம்பியை விட்டுக் குத்தியதும் கெட்டியாக, மஞ்சளாக, சேறு மாதிரி ஒன்று இறங்கியது. குனிந்து முகர்ந்தேன்.

மஞ்சள் வேகிற வாசனை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தது பவானிப் பக்கம். அப்பா அங்கே கிறிஸ்தவ சபையில் உபதேசியார். அறுவடை முடிந்ததும் கொப்பரை கொப்பரையாக மஞ்சளை வேகவைப்பார்கள். ஊரே அந்த மண்வாசனை கலந்த ஆவியில் மூழ்கியிருக்கும். அந்த வாசனையை நான் எந்தச் சந்தையில் முகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். வளைவில் உட்கார்ந்து அழுத நாட்களில்கூட அது மூக்கில் பட்டிருக்கிறது. பழைய ஞாபகம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மாதம் ஒரு ஸ்பூன்

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மலைப்பாதையில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது வழக்கம். ஓட்டைக்குள் போய் மஞ்சள் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும், வீடு வந்து சேர்ந்துவிடலாம். வண்டி நின்றால் போதும், எந்த வளைவிலும் யாராவது ஒரு பொட்டலத்தோடு வந்துவிடுவார்கள். அவசரத்துக்கு நல்ல வைத்தியம்தான்.

என் கணவர் அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனைக்குப் போய் வந்ததும், ஒரு ஸ்பூன். பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிற மாதிரி. "முன்கூட்டியே குடுத்துட்டா சீக்கு வராது" என்பார். அவர் போன பிறகு நானும் அதை விடவில்லை. அவர் செய்துகொண்டிருந்த வேலைகளில் எனக்குச் செய்யத் தெரிந்த ஒன்று அது.

எத்தனை வருடத்து மஞ்சள். உள்ளே இருந்த சன்னக் குழாய்களெல்லாம் அடைத்துப்போயிருந்தன.

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். "ஏனுங்க, நீங்க செஞ்ச காரியத்தைப் பாத்தீங்களா?" என்று சத்தமாகவே கேட்டேன். கேட்டு முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவரைக் கேலி செய்ய ஒரு நல்ல சமயம் வந்தது, கேலியை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

திருவிழா முடிந்து வந்த பெருமாள் அந்தச் சேற்றைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், கொழம்பு வெச்சுருக்கீங்களா?" என்றார். ரேடியேட்டரைக் கழற்றி, சாக்கில் கட்டி, பஸ்ஸின் கூரையில் ஏற்றி சேலத்துக்கு அனுப்பினோம். அங்கே அதைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். பெருமாள் மாட்டிக் கொடுத்தார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு அடிவாரத்துக்கு வந்துருங்கண்ணா. உங்களையக் கூட்டிக்கிட்டுத்தான் ஏறப்போறேன்."

"வண்டி சரியாயிருச்சா கண்ணு?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன்.

"வர்றேன்," என்றார்.

முள்

அடிவாரத்தில் புளியமரத்து நிழலில் நின்றிருந்தார். கையில் வழக்கமான இரண்டு பைகள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் கியர் போட்டதிலிருந்து அவர் சாலையைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் வளைவுகளில் முள் நடுவுக்கு வந்து நின்றது. குரங்குகள் சுவரில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. வெயில் கழுத்தில் சுட்டது. ஏற ஏறக் காற்று குளிர்ந்தது.

நானும் காரும் எப்போதும் நிற்கிற வளைவு வந்தது.

"இங்க செத்த நேரம் நிறுத்தலாமா கண்ணு?" என்றார் அண்ணன்.

"எதுக்குங்கண்ணா?"

"சும்மா. வண்டி நொம்பச் சூடாயிருக்கும்."

"ஆகலீங்கண்ணா. நீங்களே பாருங்க."

"ஆமா," என்றார். "முள்ளு ஏறவே இல்ல."

நான் நிறுத்தாமல் போனேன். சுவர் பின்னால் போயிற்று. சந்தோஷத்தில் ஹாரனை ஒரு முறை அடித்தேன். மரங்களுக்கு நடுவே ஏரி தெரிந்தது, ஒண்டிக்கடை வந்தது. வெற்றிலைக் கடைக்கு எதிரே காரை நிறுத்தி அவர் பக்கம் திரும்பினேன். என் முகமெல்லாம் சிரிப்பாக இருந்திருக்கும்.

அண்ணன் இன்னும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. புகை பட்டது என்றார். புகை எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து காபி போட்டுக் கொடுத்தேன். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சேலத்து ஊட்டுல முன் ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சேன்," என்றார். "சன்னலோரமா உன்ற மேசை போடறதுக்கு எடம் உட்டிருக்குது. பரிச்சப் பேப்பர் திருத்த வெளிச்சம் வேணுமில்ல."

"எனக்கு இங்க ஒரு கொறையும் இல்லீங்கண்ணா. நான் சமாளிச்சுக்குவேன்."

"நீ சமாளிப்பே கண்ணு. அது எனக்குத் தெரியாதா?" அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "சாயங்காலம் ஆச்சுன்னா எனக்குத்தான் ஊட்டுக்குள்ள இருக்க முடியறதில்ல."

இத்தனை மாதம் அவர் என்னைக் காப்பாற்ற வருகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். "நீங்க இங்கியே வந்துருங்கண்ணா," என்றேன்.

"இந்தக் குளிரு என்ற நெஞ்சுக்கு ஆகாது. உங்க அண்ணி கல்லறையும் அங்கதான இருக்குது."

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். சாயங்கால பஸ்ஸில் ஏறி, சன்னல் சீட்டில் உட்கார்ந்து, எனக்குக் கையை அசைத்தார்.

அதற்குப் பிறகும் அண்ணன் மாதம் தவறாமல் வந்தார். மாம்பழம் வந்தது, முறுக்கு வந்தது. சாகும்வரை சேலத்துக்கு வா என்கிற பேச்சை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. சொன்ன சொல் தவறாத மனிதர். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேன்.